நடிப்பு நிச்சயதார்த்தம்: ரீஜென்சி காதல் நாவல்கள் நடுவில் தொய்ந்துபோவது ஏன்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரீஜென்சி காலத்து இங்கிலாந்தில் நடக்கும் காதல் நாவல்களில் நடிப்பு நிச்சயதார்த்தம் திரும்பத் திரும்ப வரும் ஒரு கதைக்கட்டு. பெண் வைத்திருக்கும் அம்மாக்களின் துரத்தலிலிருந்து, பிரபுக்களில் மேல்நிலையில் இருக்கும் டியூக் தப்பிக்க வேண்டும். வீட்டில் பேசி முடிக்கப்போகும் ஒரு வரனை நாயகி தள்ளிப்போட வேண்டும். லண்டனில் பிரபு குடும்பங்கள் கூடி விருந்தும் நடனமும் நடத்தும் சீசன் முடியும்வரை நிச்சயமானவர்கள் போல நடிக்கலாம் என்று இருவரும் பேசிக்கொள்கிறார்கள். முதல் எண்பது பக்கம் பறக்கும். நூற்றைம்பதாவது பக்கத்தில் புத்தகத்தைக் கவிழ்த்துவைத்தால் மறுபடி எடுக்கத் தோன்றாது.

நாயகனுக்கு உயிரில்லை என்றும் உரையாடல் தட்டை என்றும் வாசகர்கள் குறை சொல்கிறார்கள். பல நாவல்களில் அதுவும் உண்மைதான். ஆனால் இந்த வகையில் வேர்க்கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் கணிப்பு. நிச்சயத்தை முறிக்க அந்தக் காலத்தில் என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது, அதை யார் கொடுத்தார்கள் என்பதை நாவலாசிரியர் கணக்கில் எடுப்பதில்லை. எப்போது வேண்டுமானாலும் செலவில்லாமல் கலைத்துவிடக்கூடிய ஒரு பொய்யைக் காப்பாற்ற யாரும் பாடுபட மாட்டார்கள். பாடுபடாத மனிதர்களை இருநூறு பக்கம் பின்தொடர்வது கஷ்டம்.

முறிக்கும் உரிமை யாருக்கு?

ரீஜென்சி என்று கறாராகச் சொன்னால் 1811 பிப்ரவரி முதல் 1820 ஜனவரி வரை. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநலம் குன்றிக் கிடக்க, மூத்த மகன் ஆட்சிப் பொறுப்பைப் பார்த்துக்கொண்ட ஒன்பது ஆண்டுகள். அன்று கல்யாணங்களை ஆண்டது 1753இல் இயற்றப்பட்டு 1754 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம். அதற்கு முன்பு, ‘உன்னைக் கட்டிக்கொள்கிறேன்’ என்று கொடுத்த வாக்கை வைத்தே திருச்சபை நீதிமன்றத்தின் மூலம் கல்யாணத்தைக் கட்டாயப்படுத்த வழி இருந்தது. 1753 சட்டம் அந்த வழியை அடைத்தது. அதன்பின், வாக்கு கொடுத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் பீடத்தின் முன் இழுத்து நிறுத்த முடியாது.

ஆனால் வாக்கு வெறும் பேச்சாகிவிடவில்லை. வாக்குறுதி மீறல் என்று பொது நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம், ஜூரி நஷ்டஈட்டைத் தீர்மானிக்கும். இங்கிலாந்தில் இந்த வகை வழக்கு 1971 ஜனவரி 1 அன்றுதான் ஒழிந்தது. 1824 டிசம்பரில் மரியா ஃபுட் என்ற நடிகை, ஜோசப் ஹேன் என்ற பணக்கார இளைஞர் மீது வழக்குப் போட்டு 3,000 பவுண்டு வாங்கினார். ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு வருமானத்தில் கௌரவமான குடும்பங்கள் காலம் தள்ளிய நாட்கள் அவை.

இந்த வழக்குகளில் ஒரு விசித்திரம் உண்டு, கதாசிரியர்கள் அடிக்கடி தவறவிடுவது. 1869 வரை வாதியோ பிரதிவாதியோ கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல முடியாது. ஆகவே நாயகி நீதிமன்றத்தில் நின்று கண்ணீரோடு உண்மையைச் சொல்லும் காட்சிக்கு 1815இல் இடமே இல்லை. நீதிமன்றம் பார்த்தது கடிதங்களை, பரிசுப் பொருள்களை, உறவினரும் வேலைக்காரர்களும் கண்ணால் கண்டதை. வாய்விட்டுச் சொல்லாத வாக்கைக்கூட நடத்தையிலிருந்து ஊகிக்கலாம். நடிப்பு நிச்சயத்துக்கு இதைவிடப் பெரிய பொறி கிடைக்குமா? ஊர் நம்பும்படி நடிக்க நடிக்க, அதே நடிப்பு சாட்சியமாகச் சேர்ந்துகொண்டே போகிறது. ‘இது பொய் ஏற்பாடு’ என்று இருவரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டால் சட்டப்படி அவனுக்கு அது காப்பு. அதே தாள் வெளியே வந்தால் அவள் வாழ்க்கை முடிந்தது. அந்தத் தாள் யார் பெட்டியில் இருக்கிறது என்ற கேள்வியை மட்டும் வைத்து ஒரு நாவலை நகர்த்தலாம். பெரும்பாலானவர்கள் அந்த ஒப்பந்தத்தை நூலகத்தில் கைகுலுக்கி முடித்துவிடுகிறார்கள்.

பிரபு குடும்பங்கள் நீதிமன்றப் படி ஏறுவது அபூர்வம், அவமானம் இருபக்கமும் தெறிக்கும். அவர்களைக் கட்டிப்போட்டது மரியாதை. வாக்கு கொடுத்த ஆண் பின்வாங்கக் கூடாது. அவன் மனம் மாறியிருந்தாலும், அவள் வேறு மாதிரி என்று தெரியவந்தாலும், வீட்டில் சொத்தைப் பறித்தாலும் அவன் நின்றே ஆக வேண்டும். ஜேன் ஆஸ்டின் 1811இல் வெளியிட்ட ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யில் எட்வர்ட் ஃபெரர்ஸ் மாட்டிக்கொண்டு நிற்பது இந்தச் சிக்கலில்தான். இளவயதில் லூசிக்கு ரகசியமாகக் கொடுத்த வாக்கு. காதல் எப்போதோ தீர்ந்துவிட்டது. அம்மா சொத்தில்லை என்கிறார். அப்படியும் அவன் முறிப்பதில்லை. அவளே அவன் தம்பியைக் கட்டிக்கொண்டு விடுதலைக் கடிதம் எழுதும்வரை காத்திருக்கிறான். அன்றைய வாசகர் யாரும் ‘விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே’ என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

பெண் முறிக்கலாம். அது அவள் உரிமை. ஆனால் அந்த உரிமையைப் பயன்படுத்தியவள் ஏமாற்றுக்காரி, நிலையில்லாதவள் என்ற பெயரைச் சுமக்க வேண்டும். விலையின் அளவு, விஷயம் எவ்வளவு தூரம் வெளியே போயிருந்தது என்பதைப் பொறுத்தது. ஆஸ்டினே 1802 டிசம்பர் 2 மாலை மேனிடவுன் மாளிகையில் ஹாரிஸ் பிக்-விதரின் கோரிக்கைக்குச் சம்மதம் சொல்லி, மறுநாள் காலை திரும்பப் பெற்றார். விஷயம் இரண்டு குடும்பங்களைத் தாண்டவில்லை. சங்கடம் அதிகம்தான், அக்காவும் தங்கையும் உடனே கிளம்பிப் போய்விட்டார்கள், ஆனால் ஊர்ப் பேச்சாகவில்லை. மறுகோடியில் இளவரசி ஷார்லட், மூன்றாம் ஜார்ஜுக்காக ஆட்சிப் பொறுப்பைப் பார்த்த அந்த மூத்த மகனின் மகள். ஆரஞ்சு இளவரசர் வில்லியமோடு நிச்சயமானதை 1814 ஜூனில் அவர் முறித்தார். அடுத்த மாதமே அப்பா அவருடைய பணிப்பெண்களை எல்லாம் நீக்கி, மகளை வின்ட்சரில் கிரான்போர்ன் லாட்ஜில் கிட்டத்தட்டக் காவலில் வைத்தார். செய்தி கேட்டதும் இளவரசி தெருவில் ஓடி வாடகை வண்டி பிடித்து அம்மா வீட்டுக்குப் போனது லண்டன் முழுக்கப் பேச்சானது. அரியணைக்கு வாரிசான பெண்ணுக்கே இந்தக் கதி என்றால், மூன்று தங்கைகளோடு கிராமத்திலிருந்து வந்திருக்கும் ஸ்குவையர் (ஊர் நிலக்கிழார்) மகளுக்கு என்ன ஆகும்?

இங்கேதான் இந்தக் கதைக்கட்டின் எஞ்சின் இருக்கிறது. ஒப்பந்தப்படி கடைசியில் அவள்தான் முறிக்க வேண்டும், ஏனென்றால் அவனால் முடியாது. அதாவது முழு விலையும் அவள் தலையில். இதைத் தெரிந்துகொண்டே ஒப்பந்தம் பேசும் ஆண் எப்படிப்பட்டவன்? தெரியாமல் பேசினால், தெரியவரும் நாளில் என்ன செய்வான்? அவளுக்கு அந்த விலை கட்டுப்படியாகிறது என்றால் ஏன்? கல்யாணமே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டாளா, ஒதுங்கி வாழப் பணம் இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு முதல் ஐந்து அத்தியாயத்துக்குள் பதில் சொல்லும் நாவல் பிழைத்துக்கொள்ளும். ‘சீசன் முடிந்ததும் நீ என்னைக் கழற்றிவிட்டுவிடு’ என்று சிரித்தபடி தாண்டிப்போகும் நாவல் நூற்றைம்பதாவது பக்கத்தில் மூச்சுவாங்கும்.

கடிதம் ஒன்று போதும்

நடிக்கிறவர்கள் என்ன நடிக்கிறார்கள் என்பது அடுத்த சறுக்கல். இன்றைய ஜோடிகள் செய்வதை எல்லாம் நாவலாசிரியர்கள் 1816க்கு அனுப்பிவிடுகிறார்கள். நடன மண்டபத்தின் நடுவில் இடுப்பை அணைப்பது, எல்லோர் முன்னாலும் முத்தம், பெயர் சொல்லிக் கூப்பிடுவது, ‘ஒத்திகை’க்காக ஒரு முத்தம். நிச்சயமான ஜோடி இவற்றைப் பொதுவில் செய்தால் அன்று யாரும் ‘ஆஹா, காதல்’ என்று நினைத்திருக்க மாட்டார்கள். பெண்ணின் அம்மாவுக்கு வளர்க்கத் தெரியவில்லை என்றிருப்பார்கள். வைர மோதிரமும் கட்டாயமில்லை. மோதிரம் இல்லாத நிச்சயங்கள் ஏராளம்.

அன்று ஊர் கவனித்தவை வேறு. ஒருவனோடு இரண்டு முறைக்கு மேல் ஜோடி சேர்ந்து ஆடினால் கண்கள் திரும்பும். இரவு உணவுக்கு முந்தைய நடனத்தை அவனுக்குக் கொடுத்தால் சாப்பாட்டு மேசைக்கும் அவனே அழைத்துப்போவான். மாலை ஐந்து மணிவாக்கில் ஹைட் பார்க்கில் திறந்த வண்டியில், பின்னால் வேலைக்காரப் பையன் நிற்க, அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று வந்தால் லண்டனின் மேல்தட்டில் பாதிக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். உடம்பு படாமலே இவ்வளவும் நடக்கிறது. கட்டுப்பாடு இறுக இறுக ஒரு கையுறையைக் கழற்றுவதுகூட வாசகர் மனதில் கனக்கும். மூன்றாவது அத்தியாயத்திலேயே முத்தத்தைச் செலவழித்துவிட்டால் அந்தக் கனம் திரும்பாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய அடையாளம் கடிதம். கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் நிச்சயம் ஆகாமல் கடிதம் எழுதிக்கொள்ளக் கூடாது. மேலே சொன்ன ஆஸ்டின் நாவலில் மேரியன் வில்லபிக்குக் கடிதம் எழுதுவதைப் பார்த்த மாத்திரத்தில், இவர்கள் நிச்சயமானவர்கள்தான் என்று அக்கா எலினோர் முடிவுகட்டுகிறாள். வேறு ஆதாரம் அவளுக்குத் தேவைப்படவில்லை.

தபால் அமைப்பையும் சேர்த்துப் பார்த்தால் காட்சி இன்னும் சுவை கூடும். 1840 வரை பெரும்பாலும் கடிதத்துக்குக் காசு கொடுத்தது பெறுபவர். தூரத்துக்கு ஏற்பக் கட்டணம், தாள் இரண்டானால் கட்டணமும் இரட்டிப்பு. எனவே ஒரு பெண்ணுக்கு வரும் கடிதம் அவள் அப்பாவின் சட்டைப்பையைத் தொடாமல் அவள் கைக்கு வராது. பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் பிரபுக்களுக்கும் இலவசத் தபால் சலுகை இருந்தது. அதற்கு அவர் உறையின் வெளிப்புறத்தில் ஊர், தேதி, முகவரியைத் தன் கைப்படவே எழுதிக் கையெழுத்திட வேண்டும். நம் டியூக் நாயகன் எழுதும் கடிதம், முத்திரையை உடைப்பதற்கு முன்பே, ‘நான் இன்னார், இன்ன தேதியில் இந்த வீட்டுப் பெண்ணுக்கு எழுதினேன்’ என்று காலை உணவு மேசை முழுக்கச் சொல்லிவிடும். நடிப்புக்காக எழுதப்படும் கடிதம் ஊருக்குக் காட்டத்தான். ஆனால் உள்ளே என்ன எழுதுவது? தங்கை பிடுங்கிப் படித்தாலும் நம்பும்படி இருக்க வேண்டும், நாயகிக்குப் பொய் என்று புரியவும் வேண்டும். இப்படி ஒரு கடிதம், பிறகு கொஞ்சம் நீளமாக இன்னொன்று, பிறகு தேவையே இல்லாதபோது ஒன்று. மூன்று கடிதங்களில் காதல் வளர்ந்துவிடும். இவ்வளவு நல்ல கருவியைப் பலர் தொடுவதேயில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஏன் நடிக்கிறார்கள் என்ற காரணம்

காரணம் வலுவாக இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். அடிக்கடி வரும் பலவீனமான காரணம், ‘கல்யாணம் செய்யாவிட்டால் பட்டம் போய்விடும்’ என்ற பாட்டியின் மிரட்டல். பிரபு பட்டம் உயிலால் போகாது, பாட்டியாலும் போகாது. பட்டம் அரசு அளித்த ஆவணத்தில் உள்ளபடி வாரிசுக்கு இறங்கும். குடும்ப மாளிகையும் பூர்வீக நிலமும் பெரும்பாலும் தலைமுறைக்குத் தலைமுறை செட்டில்மென்ட் பத்திரத்தில் கட்டப்பட்டிருக்கும். அப்போது உரிமையாளராக இருப்பவர்கூடத் தன் இஷ்டத்துக்கு வேறொருவருக்கு எழுத முடியாது. மிரட்டக் கூடியது கட்டுப்படாத சொத்து மட்டுமே: ரொக்கம், அரசுக் கடன் பத்திரங்கள், சொந்தமாக வாங்கிய நிலம், அம்மா வழி வந்த பணம். அதிலும் உயில்கள் ‘திருமணம் செய்தால்’ என்று எழுதப்படும், ‘நிச்சயம் ஆனால்’ என்று எழுதப்படாது. நடிப்பு நிச்சயத்தால் அந்த நிபந்தனை நிறைவேறாது. இதைக் கவனிக்காத நாவலில் கதையின் அஸ்திவாரமே மணல்.

வரன் தேடும் அம்மாக்களின் தொல்லையும் தனியாகப் போதாது. தொல்லையிலிருந்து தப்பிக்க ஒரு டியூக் ஸ்காட்லாந்துக்கு வேட்டைக்குப் போகலாம். அங்கே இன்னொன்றும் உறுத்தும். ராஜ குடும்பத்தைச் சேராத டியூக்குகள் அன்று முப்பது பேர்கூட இல்லை. அதில் இளைஞராக, அழகாக, கல்யாணமாகாமல் இருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். கதைக்கு டியூக் தேவை என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அவருக்கு நிலம், பாராளுமன்றம், கடன், குத்தகைக்காரர்கள் என்று வேலைகள் இருக்கும். முந்நூறு பக்கமும் நடனத்துக்குப் போய்க்கொண்டிருந்தால் அவர் டியூக்காகத் தெரிய மாட்டார்.

நல்ல காரணத்துக்கு இரண்டு தகுதிகள் வேண்டும். ஒன்று, பொய் வெளியானால் மூன்றாவது ஒருவர் பாதிக்கப்பட வேண்டும். தங்கைக்குப் பேசிக்கொண்டிருக்கும் சம்பந்தம் முறியலாம். கல்யாணத் துணிமணிக்கு அப்பா கடன் வாங்கியிருக்கலாம். மறு ஆண்டு, லண்டன் மேல்தட்டு கூடும் ஆல்மாக்ஸ் மண்டபத்தின் புதன்கிழமை நடனங்களுக்கு அனுமதிச் சீட்டு கிடைக்காமல் போகலாம். சீட்டைக் கொடுப்பதும் மறுப்பதும் லேடி ஜெர்சி போன்ற ஒருசில சீமாட்டிகள் கையில் இருந்தது. இரண்டு, காரணம் கதை நடுவில் செத்துப்போகக் கூடாது. நாயகியைத் துரத்திய வில்லன் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஊரைவிட்டுப் போய்விடுகிறான், ஆனாலும் நடிப்பு தொடர்கிறது என்றால் வாசகர் ‘இன்னும் ஏன்?’ என்று கேட்பார். அந்தக் கேள்வியை நாயகியே தனக்குள் கேட்டு, பதில் சொல்லப் பயந்தால் அது காதல் கதை. அவளும் கேட்கவில்லை, ஆசிரியரும் கேட்கவில்லை என்றால் அது மறதி.

காலக்கெடுவும் காரணத்தோடு சேர்ந்தது. நிச்சயம் என்று அறிவித்தால் இரண்டு பக்க வக்கீல்களும் செட்டில்மென்ட் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். பெண் கொண்டுவரும் சீதனம் எவ்வளவு, கணவன் உயிரோடு இருக்கும்போது அவள் கைச்செலவுக்கு ஆண்டுக்கு எவ்வளவு, அவன் இறந்தால் அவள் ஜீவனத்துக்கு எவ்வளவு, டிரஸ்டிகள் யார், பிள்ளைகளுக்கு என்ன பங்கு. கல்யாணமான பெண்ணின் பணம் சட்டப்படி கணவனுக்குப் போய்விடும் காலம் அது. முதல் மாற்றம் 1870 சட்டத்தோடுதான் வந்தது. அதனால் இந்தப் பத்திரம்தான் அவளுக்கு இருந்த ஒரே கவசம். அப்பா அக்கறையுள்ளவராக இருந்தால் முதல் வாரமே வக்கீல் வந்து உட்கார்ந்திருப்பார். நடிப்பு ஜோடி அதை எப்படித் தட்டிக்கழிக்கும்? பத்திரத்தில் அவன் தாராளமாக எழுதச் சொன்னால் அது நடிப்பா, மனமா? வக்கீல் அறைக் காட்சி வைத்த நாவல்களை விரல்விட்டு எண்ணலாம். வைத்தவை பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன.

நடுவிலும் கடைசியிலும்

இருவருக்கும் பொய் என்று ஆரம்பத்திலேயே தெரியும் என்பதால், ‘நீ என்னை ஏமாற்றிவிட்டாய்’ என்று கடைசியில் வெடிக்க இடமில்லை. இது தெரியாமல் பல ஆசிரியர்கள் இருபதாம் அத்தியாயத்தில் ஒரு பழைய காதலியையோ, பாதி காதில் விழுந்த உரையாடலையோ கொண்டுவந்து செயற்கையாகப் பிரிக்கிறார்கள். வாசகர் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். இன்னொரு கூட்டம் பாதிப் புத்தகத்திலேயே தோட்டத்தில் மாட்டிக்கொள்ள வைத்து, அவசரக் கல்யாணம் செய்துவைத்துவிடுகிறது. அதன்பின் நாம் படிப்பது வேறொரு நாவல். அட்டையில் வாக்குக் கொடுத்த கதை நூற்றெண்பதாம் பக்கத்தில் முடிந்துபோயிருக்கும்.

உண்மையான முடிச்சு கதைக்கட்டிலேயே இருக்கிறது. சொல்ல வேண்டிய வார்த்தைகளை எல்லாம் ஊர் முன்னால் சொல்லித் தீர்த்தாகிவிட்டது. ‘உன்னைப் போல் ஒருத்தி இல்லை’ என்று அத்தை முன்னால் பத்து தடவை சொன்னவன், தனியாக ஒரு தடவை சொன்னால் அவள் எப்படி நம்புவாள்? அதோடு மேலே சொன்ன மரியாதைச் சட்டமும் சேர்கிறது. அவனால் முறிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். எனவே அவன் மனமுவந்து நிற்கிறானா, கட்டுப்பட்டு நிற்கிறானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியாது. அவனை நேசிப்பதாலேயே அவனை விடுவிக்க வேண்டும் என்று நினைப்பாள். அவனோ, ‘முறிக்காதே’ என்று கெஞ்சினால் அவளுக்கு இருக்கும் ஒரே உரிமையில் கைவைத்தவன் ஆவான். இருவரும் நல்லவர்களாக இருப்பதாலேயே மாட்டிக்கொள்கிறார்கள். வில்லன் வேண்டாம், பழைய காதலி வேண்டாம். கடைசி எண்பது பக்கத்துக்கு இது தாராளம்.

இந்த வகையை நேர்த்தியாகக் கையாண்ட நாவலுக்கு நான் காட்டுவது ஜார்ஜெட் ஹேயரின் ‘கோட்டிலியன்’, 1953இல் வெளிவந்தது. கிழவர் பெனிக்விக், தான் வளர்த்த கிட்டி தன் உடன்பிறந்தோர் வழிப் பேரன்களில் ஒருவனைக் கட்டிக்கொண்டால்தான் சொத்து என்கிறார். அது அவர் இஷ்டப்படி எழுதக்கூடிய பணம் என்பதால் மிரட்டல் செல்லுபடியாகிறது. கிட்டி, பேரன்களில் அப்பாவியான ஃப்ரெடியை நடிப்பு நிச்சயத்துக்குச் சம்மதிக்க வைக்கிறாள், ஒரு மாதம் லண்டனைப் பார்க்க, ஜாக் என்ற அழகனைப் பொறாமைப்பட வைக்க. காரணம் சின்னது, கெடு குறுகியது, ஆனால் இரண்டும் தெளிவு. ஃப்ரெடி வாள்வீச்சுக்காரனும் இல்லை, கவிஞனும் இல்லை. எந்த உடைக்கு எந்த நிறம், யாரை எப்போது பார்க்கப் போகலாம், எது ஊர்ப் பேச்சாகும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. கதை முழுக்கக் கிட்டி அடுத்தவர்களின் காதல்களுக்கு உதவப்போய் மாட்டிக்கொள்கிறாள், அவன் வந்து நடைமுறையைச் சரிசெய்கிறான். கடைசியில் ஓடிப்போய்க் கல்யாணம் செய்யவந்த ஒரு ஜோடிக்கு லைசென்ஸ் வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. ஃப்ரெடி அதை வாங்கிக்கொண்டே வந்து நிற்கிறான். அந்தக் காலத்தின் விதிகளை அறிந்திருப்பதே அவன் வீரம். ஆராய்ச்சி வேறு, காதல் வேறு என்று நினைக்கும் ஆசிரியர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

லைசென்ஸ் என்றதும் சொல்லிவிட வேண்டும், ஒரு நாவலைக் கையில் எடுத்ததும் சீக்கிரம் சோதிக்கக்கூடிய இடம் இதுதான். 1754க்குப் பிறகு இங்கிலாந்தில் கல்யாணத்துக்கு மூன்று வழிகள். நம்மூர் தேவாலயங்களில் ஓலை வாசிப்பது போல மூன்று ஞாயிறு பெயர்களை வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்பது முதல் வழி. பிஷப் தரும் சாதாரண லைசென்ஸ் அடுத்தது. ஓலை வேண்டாம், ஆனால் இருவரில் ஒருவர் கல்யாணம் நடக்கும் தேவாலயத்தின் பங்கு எல்லைக்குள் நான்கு வாரம் குடியிருந்திருக்க வேண்டும், 21 வயது ஆகாதவருக்கு அப்பாவின் சம்மதம் வேண்டும். இந்த இரண்டிலும் சடங்கு தேவாலயத்தில், காலை எட்டு முதல் பன்னிரண்டுக்குள். மூன்றாவது, காண்டர்பரி பேராயர் அலுவலகத்தில், லண்டன் டாக்டர்ஸ் காமன்ஸில் வாங்கும் சிறப்பு லைசென்ஸ். எந்த நேரமும் எந்த இடத்திலும் கல்யாணம் செய்யலாம், ஆனால் வழக்கமாக அதைக் கொடுத்தது பிரபுக்கள், அவர்கள் பிள்ளைகள், பாராளுமன்ற உறுப்பினர்கள் போன்றவர்களுக்கு. அதில் இருவர் பெயரும் எழுதப்பட்டிருக்கும். பெண் யாரென்று முடிவாகாமலே ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு திரியும் நாயகன் வந்தால், அந்த ஆசிரியர் மற்ற விதிகளையும் மேலோட்டமாகத்தான் பார்த்திருப்பார் என்று ஊகிக்கலாம். அப்பாவின் சம்மதம் இல்லாமல் கல்யாணம் செய்ய, ஸ்காட்லாந்து எல்லையில் கிரெட்னா கிரீனுக்கு ஓடுவதும் இப்படியே. லண்டனிலிருந்து 300 மைலுக்கு மேல், குதிரை மாற்றி மாற்றி இரவு பகலாகப் போனாலும் ஓர் இரவில் போய்த் திரும்ப முடியாது.

வாங்கலாமா என்று மாதிரிப் பக்கங்களைப் புரட்டுகிறவர்கள் ஒப்பந்தம் பேசும் காட்சியைத் தேடிப் படியுங்கள். முறிக்கப்போவது யார் என்று அங்கே பேசப்படுகிறதா? ‘உனக்கு என்ன ஆகும்?’ என்று அவன் கேட்கிறானா? அவன் கேட்காவிட்டாலும் அவளாவது யோசிக்கிறாளா? நாள் குறித்திருக்கிறார்களா? வீட்டில் யாருக்கு உண்மை தெரியும் என்று முடிவு செய்கிறார்களா? இவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால் வாங்கலாம். பிறகு புத்தகத்தின் நடுப்பகுதியில் ஏதாவது ஒரு விருந்துக் காட்சியை எடுத்துக்கொண்டு, இவர்களை யாராவது சந்தேகத்தோடு கவனிக்கிறார்களா என்று பாருங்கள். பார்வையாளர் இல்லாத அறையில் நடிப்பு என்று எதுவும் கிடையாது. நடிப்பு இல்லாதபோது அது எப்போது நிஜமாக மாறியது என்பதையும் காட்ட முடியாது. ஓர் அத்தை, ஒரு போட்டிக்காரி, அண்ணன், வேலைக்காரி, யாராவது ஒருவர் கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும்.

எழுத நினைப்பவர்களுக்கு ஒன்று. கல்யாணத்தை லைசென்ஸில் முடிக்காமல் ஓலையில் முடித்துப் பாருங்கள். பிரபு வீடுகளில் லைசென்ஸே வழக்கம் என்பதால் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். கண்டுபிடித்துவிட்டால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கையில் கிடைக்கும். பொய் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு ஞாயிறும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவர் எழுந்து நிற்பாரா என்பது மூன்றாவது ஞாயிறுவரை யாருக்கும் தெரியாது.